தடுப்பணை, குடிநீர், கெலா மீன்: 10 விழுக்காடு தண்ணீர் விட்டால் போதுமா?

செந்தூல்_சிவில் (கோலாலம்பூர்)

வணக்கம். பகாங் பக்கம், தித்திவாங்சா மலையிலிருந்து இறங்கும் ஒரு கிளையாற்றில் குடிநீருக்கான தடுப்பணை வரைபடம் கையில் இருக்கிறது. ஆற்றின் பெயரை இங்கே போட முடியாது. கணக்கை மட்டும் தருகிறேன்.

அணைக்கு மேலும் கீழும் நீர்மட்ட வித்தியாசம் 2.2 மீட்டர். எடுக்க வேண்டியது 40 எம்எல்டி (நாளுக்கு 40 மில்லியன் லிட்டர்), அதாவது 0.463 கியூமெக்ஸ் (விநாடிக்கு 0.463 கன மீட்டர்). ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டம் 3.2 கியூமெக்ஸ். கியூ95 (வருடத்தில் 95 விழுக்காட்டு நாள்களில் இதற்குக் குறையாமல் ஓடும் அளவு) 0.85. ஆக, வறண்ட நாளில் நாம் எடுத்தது போக 0.387 மிஞ்சும். சராசரியில் 10 விழுக்காடு 0.32 தான், மிச்சம் அதைவிட அதிகம், ஆகவே டெனன்ட் முறைப்படி (சராசரி ஓட்டத்தில் இத்தனை விழுக்காடு ஆற்றில் விட வேண்டும் என்ற அளவுகோல்) மீனுக்குப் பாதிப்பில்லை என்று இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிக்கையில் ஒரே பத்தியில் முடித்திருக்கிறார்கள்.

மீன் கணக்கெடுப்பில் கெலா (மலையாற்றுப் பெரிய கெண்டை வகை), தெங்காஸ், செபாராவ், பாவுங் வந்திருக்கின்றன. கிளையாறு சேரும் பெரிய ஆற்றில் தெமோலே (இன்னொரு பெரிய கெண்டை வகை) உண்டு என்று கம்போங் மீனவர்கள் சொன்னதாகப் பின்னிணைப்பில் ஒரு வரி. அறிக்கை "மீன் நகர்வு பற்றித் தெளிவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. உடனே கன்சல்டன்ட் ஐரோப்பிய சால்மன் வரைபடம் ஒன்றைப் பார்த்து ஒரு வெர்ட்டிகல் ஸ்லாட் மீன்வழியை (செங்குத்துப் பிளவு வழியே மீன் தொட்டி தொட்டியாக ஏறும் ஏணி) ஒட்டிக் கொடுத்தார்: 8 படி, படிக்கு 27.5 செ.மீ. வீழ்ச்சி, தொட்டி 3.0 × 2.4 மீ., ஆழம் 1 மீ., பிளவு அகலம் 30 செ.மீ.

10 விழுக்காடு என்பதை நம்பலாமா? இந்த மீன்வழி நம் மீனுக்கு ஆகுமா? எடுப்புவாயில் எந்தச் சல்லடை போடுவது? அப்புறம் கட்டுபவர் தரப்பில் கேட்கும் ஒரே கேள்வி: மீனுக்கு விடுகிற தண்ணீர் எங்களுக்கு நஷ்டம்தானே?

---

மதகடி

சிவில் சார், அந்த 10 விழுக்காட்டை முதலில் ஓரமாக வையுங்கள். டெனன்ட் 1976இல் வெளியிட்ட அளவுகோல் அது. மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆறுகளைப் பார்த்து எழுதியது. அவர் கணக்கிலேயே 10 விழுக்காடு என்பது மீன் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு. ஓரளவு நல்ல நிலைக்கு 30, மிக நல்ல நிலைக்கு 60. உங்கள் ஆற்றில் 30 விழுக்காடு என்றால் 0.96. ஆனால் யாரும் கை வைக்காத ஆற்றின் கியூ95 வெறும் 0.85. அதாவது அணையே இல்லாவிட்டாலும் வறண்ட நாளில் உங்கள் ஆறு இந்தப் பரீட்சையில் ஃபெயில். அளவுகோல் இந்த ஆற்றுக்குத் தைத்த சட்டை இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விழுக்காட்டை வைத்து இலாகாவோடு வாதாடினால் இரண்டு பக்கமும் நேரம்தான் வீண்.

தினசரி ஓட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மூன்றைப் பாருங்கள்: தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, எப்போது ஏறுகிறது, ஏறியது எவ்வளவு வேகமாக வடிகிறது.

இறக்கத்துக்கு அலுவலகத்தில் விடை இல்லை, ஆற்றில் இறங்க வேண்டும். அணையிலிருந்து கூடுமுகம் வரை கூழாங்கல் தெரிய ஓடும் ஆழமற்ற இடங்களில் நான்கைந்தைப் பிடித்து, மூன்று வேறு ஓட்டங்களில் குறுக்குவெட்டு எடுங்கள். 60 செ.மீ. கெலாவின் உடல் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. தண்ணீர் 20 செ.மீ.க்குக் குறைந்தால் முதுகு வெளியே தெரியும். வலைக்காரரும் பார்ப்பார், கழுகும் பார்க்கும். 0.387 ஓடும்போது அந்த இடங்களில் 20 செ.மீ. ஆழமுள்ள தொடர்ச்சியான தடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் அந்த எண்ணை எழுதி வாதாடலாம். இல்லையென்றால் எந்த விழுக்காடு வந்தாலும் பயனில்லை.

அடுத்தது ஏற்றம். மழை பெய்து தண்ணீர் ஏறும்போதுதான் கெலா மேலே கிளம்பும், கூழாங்கல் படுகையுள்ள சிற்றாறுகளைத் தேடி. நீங்கள் நாள் முழுக்க ஒரே அளவில் 0.463 எடுத்தால் ஏற்றத்தின் வடிவம் கெடாது, 0.85இலிருந்து 1.3க்கு ஏறுவது 0.39இலிருந்து 0.84க்கு ஏறும், அவ்வளவுதான். கெடுப்பது எது தெரியுமா? தண்ணீர் ஏறியதைக் கண்டதும் இரண்டாவது பம்பைத் தட்டிவிட்டுப் பக்கத்துச் சேமிப்புக் குளத்தை நிரப்புவது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் சின்ன ஏற்றம் அப்படியே குளத்துக்குள் போய்விடும். கீழே இருக்கும் மீனுக்கு மழை பெய்த சேதியே தெரியாது.

கட்டுபவரின் நஷ்டக் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஏற்றத்தின் முதல் சில மணி நேரம் வருவது சேற்றுத் தண்ணீர். கலங்கல் ஓர் அளவைத் தாண்டினால் சுத்திகரிப்பு நிலையமே எடுப்புவாயை மூடும், இல்லையென்றால் ஆலத்துக்கும் (கலங்கலைப் படிய வைக்கும் படிகாரம்) கசடு அகற்றுவதற்கும் பணம் கொட்ட வேண்டும். ஆக, மீனுக்கு மிகவும் தேவையான தண்ணீர், நிலையத்துக்குக் கொஞ்சமும் வேண்டாத தண்ணீர். விதியை இப்படி எழுதுங்கள்: ஏற்றம் தொடங்கி உச்சம் தாண்டும் வரை கூடுதல் பம்ப் கிடையாது, வடியத் தொடங்கி கலங்கல் குறைந்தபின் குளத்தை நிரப்பலாம். வருடக் கணக்கில் கை விட்டுப் போகும் நீர் மிகச் சொற்பம்.

மூன்றாவது வடிதல். ஆற்றோட்டத் தடுப்பணையில் இது பெரிய விஷயம் இல்லை என்று நினைப்பார்கள். வண்டல் மதகைத் திறந்து மூடும் நாளில்தான் வினை. மதகைப் படக்கென்று மூடினால் கீழே மட்டம் சட்டென்று இறங்கி, ஓரத்தில் மேய்ந்த குஞ்சுகள் கல்லிடுக்கில் மாட்டிச் செத்துப்போகும். நார்வே நீர்மின் நிலையங்களில் சால்மன் குஞ்சுக்காக மணிக்கு ஏறக்குறைய 13 செ.மீ.க்கு மேல் மட்டம் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நம் குஞ்சுகள் அதைவிடப் பொடி, நான் 10இல் தொடங்குவேன். வண்டலைக் கழுவி விடுவதும் வெள்ளத்தோடு வெள்ளமாக நடக்க வேண்டும். வறண்ட காலத்தில் திறந்தால் சேறு முழுக்கக் கீழே கூழாங்கல்லில் படிந்து முட்டைகளை மூடிவிடும்.

தெமோலே பற்றி ஒன்று. மேக்கோங்கில் அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, தண்ணீர் இறங்கும் காலத்தில், மணலும் கூழாங்கல்லும் உள்ள படுகையில் முட்டையிடும். பகாங்கில் அதே டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளக் காலம். ஆகவே மேக்கோங் நாள்காட்டியை இங்கே ஒட்டாதீர்கள். 500 மைக்ரான் குஞ்சு வலையைப் பொழுது சாய்ந்ததிலிருந்து நடுநிசி வரை ஓட்டத்தில் கட்டி, வாரம் ஒருமுறை என்று ஒரு வருடமாவது பார்த்தால்தான் தெரியும். இரண்டு நாள் ஜாலா (வீச்சு வலை) வீசி எழுதும் பட்டியலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மலையோடையில் மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: அந்தத் தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு, மின்சாரம் சரியாகக் கடத்தாது. கருவியின் வோல்டேஜை ஏற்றாமல் விட்டால் மீனே இல்லாத ஆறு என்று அறிக்கை வரும்.

---

படிமீன்

மீன்வழிக்கு வருவோம். ஒட்டிக் கொடுத்த வரைபடத்தைக் கணக்குப் போட்டே தள்ளிவிடலாம்.

பிளவில் நீர் பாயும் வேகம் வீழ்ச்சியைப் பொறுத்தது: 2 × 9.81 × வீழ்ச்சி, அதன் வர்க்கமூலம். 27.5 செ.மீ.க்கு விநாடிக்கு 2.32 மீட்டர். மீனின் பாய்ச்சல் வேகம், தோராயமாக, விநாடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு. ஆக 23 செ.மீ.க்குக் குறைந்த எந்த மீனும் முதல் பிளவிலேயே திரும்பிவிடும். ஓட்டமும் பாருங்கள்: குணகம் 0.65, அகலம் 0.3, ஆழம் 1.0, வேகம் 2.32 எல்லாம் பெருக்கினால் 0.453 கியூமெக்ஸ். கியூ95 நாளில் உங்களிடம் மிச்சமே 0.387! கட்டி முடித்த பிறகு ஏணிக்கே தண்ணீர் போதாது.

வீழ்ச்சியை 10 செ.மீ. ஆக்குங்கள். வேகம் 1.40. ஓட்டம் 0.273 கியூமெக்ஸ், எம்எல்டியில் 23.6. தொட்டியின் கொள்ளளவு 7.2 கன மீட்டர். அதில் கலங்கும் ஆற்றல் 1000 × 9.81 × 0.273 × 0.10 ÷ 7.2, கன மீட்டருக்கு 37 வாட். பழைய படத்தில் இதே கணக்கு 170 வாட் வரும். சால்மன் அதைத் தாங்கும். சிறுமீனுக்கு அது வாஷிங் மெஷின். தரையில் 15–20 செ.மீ. கற்களைப் பாதி புதைத்து வையுங்கள், அடிமட்டத்தில் வேகம் குறைந்து 10 செ.மீ. மீன்களும் ஊர்ந்து ஏறும்.

2.2 மீட்டருக்கு 22 வீழ்ச்சி. தொட்டி 3.0, சுவர் 0.2 என்றால் 70 மீட்டர் நீளம். இதை நேராக நீட்டாதீர்கள், மூன்றாக மடியுங்கள். இடம் மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. மீன் எங்கே முட்டி நிற்குமோ அங்கே வாசல் இருக்க வேண்டும். தடுப்பணையின் அடிவாரம் வரை ஏறி வந்து, விழுகிற தண்ணீரை முட்டிப் பார்க்கும் மீனுக்கு, 60 மீட்டர் பின்னால் ஒரு வாசல் இருப்பது தெரியவே தெரியாது. நீளத்தை மடித்து வாசலை அணையின் காலடிக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பங்களில் தொட்டியை இரட்டிப்பாக வைத்தால் அது இளைப்பாறும் இடமும் ஆகும். மிச்சமுள்ள 0.114 கியூமெக்ஸை அணை முகட்டில் வேறெங்கும் சிந்த விடாமல், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெட்டு வைத்து அங்கேயே விழச் செய்யுங்கள். அதுதான் மீனைக் கூப்பிடும் தண்ணீர்.

கட்டிய பிறகு என்ன கெடும்? நான் பயப்படும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில், கீழ்ப்படுகை அரிப்பு. அணை மணலையும் கல்லையும் பிடித்துக்கொள்வதால் பசித்த தண்ணீர் கீழே தோண்டும். சில வெள்ளத்தில் படுகை அரை மீட்டர் இறங்கினால் முதல் படி 10 செ.மீ. இல்லை, 60. மற்ற 21 படியும் அழகாக இருக்கும், ஒரு மீனும் ஏறாது. வாசல் தரையை இன்றைய படுகைக்கு அரை மீட்டர் கீழே வைத்து, பின்னால் சேர்க்க இரண்டு மூன்று பிளவுக்கான காடியை இப்போதே கான்கிரீட்டில் விட்டு வையுங்கள்.

இரண்டாவது, அடைப்பு. மூங்கில் புதர், செம்பனை மட்டை, பிளாஸ்டிக். ஒரு பிளவில் ஒரு மட்டை குறுக்கே நின்றால் போதும், அங்கே வீழ்ச்சி இரண்டு மூன்று மடங்காகும். மேல்வாசலுக்கு முன்னால் சாய்வாக ஒரு மிதவைத் தடுப்பு போடுங்கள். குப்பைக் கம்பி வைத்தால் இடைவெளி 25–30 செ.மீ. இருக்க வேண்டும். கன்ட்ராக்டர் வழக்கம்போல 5 செ.மீ. கம்பி மாட்டிவிடுவார், பெரிய கெலா 70 மீட்டர் ஏறி வந்து அங்கே முட்டி நிற்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஓர் ஆள் நடந்து பார்க்க நடைபாதை, தொட்டியை வற்ற வைக்க மேலே பலகைக் காடி, இரண்டும் கட்டாயம்.

மூன்றாவது, மனிதர்கள். மேல்வாசலில் ஒரு புபு (மீன்பிடி கூண்டு) வைத்தால் ஆற்று மீன் மொத்தமும் ஒரே கூண்டில். மேலே கம்பி வலை, சுற்றி வேலி, மேலும் கீழும் மீன்பிடி தடைப்பகுதி. இல்லையென்றால் மீன்வழியைக் கட்டாமல் இருப்பதே மேல்.

தாய்லாந்தின் பாக் மூன் அணையை நினைவில் வையுங்கள். 1994இல் முடிந்த 17 மீட்டர் அணை. படித்தொட்டி ஏணி வைத்தார்கள். மேக்கோங்கிலிருந்து வரும் அத்தனை வகை மீனுக்கும் அது ஒத்துவரவில்லை. கடைசியில் மதகுகளைத் திறந்துவிட்ட பிறகுதான் மீன் மேலே போனது. உங்களுடையது 2.2 மீட்டர்தான், அதனால்தான் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறேன்.

---

கெண்டைவாசி (செராஸ்)

இடையில் ஒரு திருத்தம். இஐஏ எழுதுகிறவர்கள் "அழியும் நிலையிலுள்ள கெலா" என்று போடுவார்கள். ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில், கெலா என்று நாம் சொல்லும் தோர் தம்ப்ராய்டெஸ், தோர் தம்ப்ரா இரண்டுக்கும் "தரவு போதாது" என்றுதான் இருக்கிறது. அதற்குப் பத்திரமாக இருக்கிறது என்று பொருள் இல்லை, எண்ணிப் பார்க்கவில்லை என்று பொருள். தெமோலேதான் "மிக ஆபத்தான நிலை", சைட்டீஸ் (அழியும் இனங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) முதல் பின்னிணைப்பிலும் இருக்கிறது. அறிக்கையில் இந்த இரண்டையும் கலந்து எழுதினால் மறுபடியும் திரும்பி வரும்.

சட்டத்திலும் எதைப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மீனுக்கு வராது. மீன்வளச் சட்டத்தின் கீழ் வந்த 1999 ஆபத்துநிலை மீன் விதிகள் திமிங்கலச் சுறா, கடற்பசு மாதிரி கடல் இனங்களுக்கு. தெமோலேயை நாடு விட்டு நாடு விற்பது 2008 அழியும் இனங்களின் பன்னாட்டு வணிகச் சட்டத்தில் மாட்டும், அதன் ஆற்றை மாற்றுவது மாட்டாது. ஆற்று மீன்பிடிப்பு அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, தண்ணீரும் மாநிலத்துடையது. ஆகவே உங்கள் பிடிமானம் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் 34ஏ பிரிவில் கிடைக்கும் இஐஏ ஒப்புதல் நிபந்தனைகளும், மாநிலம் தரும் நீர் எடுப்பு உரிமமும்தான். அங்கே எழுதாதது எங்கேயும் இல்லை.

படிமீன் அண்ணனுக்கு ஒரு கேள்வி. கீழே ஈக்கான் பண்டாராயா (மீன்தொட்டியிலிருந்து ஆற்றுக்கு வந்த வந்தேறி மீன்) இருந்தால்? ஏணி கட்டி அதையும் மேலே ஏற்றிவிடவா?

---

படிமீன்

நல்ல கேள்வி. இதுவரை மேலே பண்டாராயா, திலாப்பியா இல்லை, கீழே இருக்கிறது என்றால் திறந்த ஏணி ஆபத்துதான். மேல்வாசலில் பிடிகூண்டு வைத்து, ஆள் வைத்துப் பிரித்து, நம் மீனை மேலே விட்டு, வந்தேறியை எடுத்துவிடலாம். அமெரிக்காவில் கன்னிசன் ஆற்றின் ரெட்லாண்ட்ஸ் ஏணி 1996 முதல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் தினமும் ஆள் வேண்டும். ஆள் வராத வாரத்தில் கூண்டு சவப்பெட்டி. பட்ஜெட்டில் அந்தச் சம்பளம் இல்லையென்றால் கூண்டு வேண்டாம்.

---

பிறை_ஓரம் (பட்டர்வொர்த்)

எடுப்புவாய்ச் சல்லடை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அமெரிக்க மேற்குக் கரையில் குஞ்சு மீனுக்கு வைத்திருக்கும் அளவு: சல்லடையை நோக்கி வரும் வேகம் விநாடிக்கு 0.12 மீட்டருக்குள், அதுவும் தானாகச் சுத்தம் செய்யும் சல்லடைக்கு. சுத்தம் செய்யும் கருவி இல்லையென்றால் 0.06. கம்பி இடைவெளி 1.75 மி.மீ. உங்கள் 0.463க்கு முதல் வகையில் 3.9 சதுர மீட்டர், இரண்டாவதில் 7.7 வேண்டும். சல்லடையை உரசிக்கொண்டு ஓடும் வேகம் உள்ளே போகும் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் மீன் ஒட்டிக்கொள்ளாமல் கடந்து போகும்.

கம்பெனிக்காரர்கள் உருளைச் சல்லடையைக் காட்டுவார்கள். 1 மீட்டர் விட்டம், 1.25 மீட்டர் நீளம், இரண்டு போட்டால் 7.8 சதுர மீட்டர், கணக்கு சரியாக வரும். ஆனால் மேலும் கீழும் அரை விட்டம் இடம் விட வேண்டும், அதாவது 2 மீட்டர் ஆழம். 2.2 மீட்டர் தடுப்பணைக்குப் பின்னால் அந்த ஆழம் முதல் வெள்ளம் வரைதான். அப்புறம் உருளை மணலுக்குள். மலையாற்றுக்கு முகட்டிலேயே பொருத்தும் கோஆண்டா சல்லடை (தண்ணீர் மேலே வழிந்தோடும்போதே கம்பியிடுக்கில் உள்ளே இறங்கும் சாய்வுச் சல்லடை) நல்லது. மீட்டர் அகலத்துக்குச் சுமார் 140 லிட்டர் விநாடிக்கு இறங்கும், உங்களுக்கு மூன்றரை மீட்டர் போதும். இலை தானாக வழிந்து போகும். அதன் குறை வறண்ட நாளில் தெரியும்: தண்ணீர் முழுக்க மேல் பாதியிலேயே உள்ளே இறங்கிவிட, கீழ்ப் பாதி காய்ந்து, வழுக்கி வரும் மீன் அதன்மேல் கிடந்து வெயிலில் போகும். எப்போதும் கொஞ்சம் தண்ணீர் அடிவரை வழியும்படி எடுக்கும் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். அடியில் ஆழமான தொட்டியும் வேண்டும்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். முட்டையிலிருந்து வந்து இரண்டு மூன்று நாளான குஞ்சு நூல் மாதிரி இருக்கும், 1.75 மி.மீ. அதைத் தடுக்காது. அவை பெரும்பாலும் இரவில் மிதந்து வரும். மதகடி சொன்ன குஞ்சு வலையில் எந்த வாரம் அதிகம் விழுகிறது என்று தெரிந்தால், அந்த வாரங்களில் இரவு எடுப்பைக் குறைத்துப் பகலில் ஈடு செய்யலாம். சேமிப்புக் குளம் இருக்கிற இடத்தில் இது சுலபம்.

எங்கள் பக்கத்துப் பிரச்சினை வேறு மாதிரி. பினாங்கின் ஆற்றுநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து. லாஹார் தியாங்கில் எடுத்து சுங்கை டுவாவுக்கு வருகிறது. உப்புநீர் மேலே ஏறாமல் கீழே தடுப்பு மதகு. இப்படிப்பட்ட மதகு எங்கே இருந்தாலும் முதலில் அடிபடுவது ஊடாங் காலா (பெரிய நன்னீர் இறால்). சினை இறால் உவர்நீருக்கு இறங்கிக் குஞ்சு பொரிக்க வேண்டும், குட்டிகள் மறுபடி நன்னீருக்கு ஏற வேண்டும். மதகு மூடியிருந்தால் இரண்டும் நடக்காது. கதவு எப்படித் திறக்கிறது என்பதும் முக்கியம். அடியில் தூக்கித் திறக்கும் கதவில் குஞ்சு மீன் அழுத்தத்தோடு பீய்ச்சப்பட்டு நசுங்கும், மேல்வழியாக வழியவிடும் கதவில் சேதம் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவில் முர்ரே காட், கோல்டன் பெர்ச் குஞ்சுகளில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சிவில் சார், உங்கள் தடுப்பணையில் கதவு வைத்தால் வண்டல் மதகு மட்டும் அடியில் திறக்கட்டும், தினசரி ஓட்டம் மேல்வழியாகப் போகட்டும்.

பினாங்குக்கு சுங்கை பேராக் தண்ணீர் கொண்டுவரும் பேச்சு பல வருடமாக ஓடுகிறது. அந்த ஆறு தெமோலே ஆறு. தெமங்கோர், பெர்சியா, கெனெரிங், 1930இல் வந்த சென்டரோ என்று ஏற்கெனவே நான்கு அணை வரிசையாக நிற்கிறது. இந்தத் திரியில் பேசுவது அங்கேயும் பேசப்பட வேண்டியது.

---

செந்தூல்_சிவில்

எல்லோருக்கும் நன்றி. 0.453 கணக்கைக் காட்டியதும் கன்சல்டன்டே படத்தை வாபஸ் வாங்கிவிட்டார். இப்போது கட்டுபவர் கேட்பது: 70 மீட்டர் கான்கிரீட், சல்லடை, வருடக் கண்காணிப்பு, எல்லாம் ஒரு சின்னத் திட்டத்தின் தலையில் ஏன்? அந்த ஆற்றில் மேலே வேறு இரண்டு பேரும் தண்ணீர் எடுக்கிறார்களே. தண்ணீர்த் திட்டமும் நடந்து மீனும் பிழைத்த ஊர் உலகத்தில் உண்டா?

---

நீர்க்கணக்கு (பெட்டாலிங் ஜெயா)

கட்டுபவர் கேட்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு சின்னத் திட்டமும் தனித்தனியாக மீனைக் காப்பாற்ற முடியாது. அதற்கு ஓர் ஏற்பாடு அமெரிக்காவில், கொலராடோ ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. 1988இல் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களும் கூட்டரசும் தண்ணீர் எடுப்பவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து தொடங்கியது. மீன்கள் நான்கு: ஹம்பேக் சப், போனிடெய்ல், கொலராடோ பைக்மின்னோ, ரேஸர்பேக் சக்கர்.

சாரம் இதுதான். ஆற்றிலிருந்து புதிதாகத் தண்ணீர் எடுக்கும் திட்டம், எடுக்கும் அளவுக்கு ஒரு தடவைக் கட்டணம் செலுத்தும். தொடக்கத்தில் ஏக்கர்-அடிக்கு, அதாவது சுமார் 1,233 கன மீட்டருக்கு, 10 டாலர். பிறகு விலைவாசியோடு ஏறியது. சின்ன எடுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணமும் அரசுப் பணமும் நீர்மின் வருமானமும் சேர்ந்து ஏணி, சல்லடை, குஞ்சுப் பண்ணை, வந்தேறி மீன் ஒழிப்பு எல்லாவற்றையும் ஆற்று அளவில் செய்யும். திட்டம் தனியாக வழக்குக்கும் ஆய்வுக்கும் அலைய வேண்டாம், பொது ஏற்பாடு உருப்படியாக முன்னேறுகிற வரை அதுவே அவர்களுக்கான சட்ட அனுமதி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த் திட்டங்கள் அந்தக் குடையின்கீழ் ஓடுகின்றன. முன்னேற்றம் நின்றால் குடை மூடிவிடும் என்பதால் தண்ணீர் எடுப்பவர்களே மீன் எண்ணிக்கையைக் கவலையோடு பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அது.

அணை இயக்கத்தையும் மீனை வைத்தே மாற்றினார்கள். அதே ஆற்றுத் தொகுதியின் ஃபிளேமிங் கோர்ஜ் அணையில் முன்பெல்லாம் வசந்த கால வெள்ளத்தை, கீழே வந்து சேரும் யாம்பா ஆற்றின் உச்ச வெள்ளத்தோடு பொருந்தத் திறப்பார்கள். 2012 முதல் கீழே விளக்குப் பொறி வைத்து, ரேஸர்பேக் குஞ்சு முதலில் விழுந்ததும் திறக்கிறார்கள். அப்போதுதான் குஞ்சு மிதந்து வெள்ளச் சமவெளிக் குட்டைகளுக்குள் போகும். ஸ்டூவர்ட் லேக் போன்ற குட்டைகளின் வாயில் சல்லடை, பெரிய வந்தேறி மீன் உள்ளே நுழையாது. முன்பு திறந்துவிட்டதும் ஏராளமான தண்ணீர்தான், குஞ்சு பிறப்பதற்கு முன்னாலேயே ஓடிப்போனது.

பலன் கலவை. ஹம்பேக் சப் 2021இல் அழியும் நிலையிலிருந்து ஒரு படி குறைந்த ஆபத்துநிலைக்கு மாற்றப்பட்டது. பைக்மின்னோ இன்னும் தடுமாறுகிறது. வடக்கு பைக், ஸ்மால்மவுத் பாஸ், வாலாய் என்ற வந்தேறிகள் குஞ்சுகளைத் தின்றுவிடுவது பெரிய காரணம். ஆகவே இங்கே "பரிகாரமாக மீன் குஞ்சு விடுகிறோம்" என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். எந்த ஆற்று வம்சம் என்று தெரியாத கெலாக் குஞ்சைக் கொட்டினால் உள்ளூர் வம்சம் கலந்துபோகும். திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெலி (கெளுத்தி) விட்டால் சொல்லவே வேண்டாம்.

உங்கள் ஆற்றில் மூன்று பேர் எடுக்கிறார்கள் என்றால், மூவரும் சேர்ந்து ஒரே ஓட்ட அளவுக்கருவி, ஒரே கண்காணிப்புக் குழு, கடைசி அணையில் ஒரு நல்ல மீன்வழி என்று மாநில உரிமத்திலேயே கோருங்கள். மூன்று அரைகுறை ஏணியைவிட அது மலிவு. மேலே உள்ள இருவரின் அணையும் மீனைத் தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடுக்கிறது என்றால் உங்கள் ஏணி எங்கேயும் போகாத படிக்கட்டு.

---

மதகடி

கடைசியாக இயக்கக் கையேட்டுக்கு. ஷிஃப்ட்டில் இருப்பவர் இஐஏ பின்னிணைப்பைத் திறக்கப் போவதில்லை, கையேட்டைத்தான் திறப்பார். அதிலும் அவர் விருப்பத்துக்கு விடாமல் மட்டத்தாலேயே கட்டிவிடுங்கள். எடுப்புவாயின் அடிமட்டத்தை அணைக் குளத்தின் வழக்கமான மட்டத்துக்கு 30 செ.மீ. மட்டுமே கீழே வையுங்கள், மீன்வழியின் மேல்வாசல் 1 மீட்டர் கீழே. வறட்சியில் குளம் 30 செ.மீ. இறங்கினால் எடுப்புவாய் தானாகவே காய்ந்துவிடும். மீன்வழியில் அப்போதும் 70 செ.மீ. ஆழத்தில் 0.19 கியூமெக்ஸ் ஓடும். மதகு, பொத்தான், போன் அழைப்பு எதுவும் வேண்டாம். கோஆண்டா போட்டாலும் அதன் முகட்டுக்கு இதே விதிதான். பிறை_ஓரம் சொன்னதுபோல் அடிவரை நனைய வேண்டுமென்பதால், குளம் இறங்க இறங்க எடுக்கும் அளவும் குறையும்படி உள்வால்வை மட்டத்தோடு பிணைத்துவிடுங்கள்.

கீழ்வாசலில் ஒரு மட்ட அளவுக்கருவி, 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. பக்கத்திலேயே சுவரில் பெயின்ட் அடித்த அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும். கருவி பேட்டரி தீர்ந்து நின்றுபோன மாதத்தில், கம்போங் ஆள் போனில் எடுத்த படத்திலிருந்தாவது மட்டம் தெரியும்.